துரையை எங்கே விட்டீர்கள், அண்ணா?

என் அன்பு அண்ணாவுக்கு, நீங்கள் கடைசிவரை பெயர் சொல்லாமல் ‘அம்மிணி’ என்றே கூப்பிட்ட மரகதம் எழுதுகிறேன்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பேப்பரில் உங்கள் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி எழுதினால் போதும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எனக்கு நாலு வரி போதாது. உங்களிடம் சொல்ல வேண்டியதைவிடக் கேட்க வேண்டியது அதிகம் இருக்கிறது. ஊரார் படித்தாலும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அண்ணி சுகமாக இருக்கிறார். முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. பட்டியில் இருபத்து மூன்று ஆடுகள் நிற்கின்றன. நீங்கள் விட்டுப்போனது நாற்பத்தொன்று. மீதி எங்கே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

தை மாதம் ஒரு நாள் விடிந்ததும் அண்ணி போன் பண்ணினார். அழுதுகொண்டே இருந்தார். நான் திருப்பூரிலிருந்து கிடைத்த பஸ்ஸில் ஏறிக் குண்டடத்தில் இறங்கி, ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பார்த்தேன். தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்திருந்தது. ரோட்டோரம் கொட்டுகிற கோழிக்கடைக் கழிவைத் தின்று கொழுத்துப்போன நாய்கள். பதினோரு ஆடுகள் அங்கேயே செத்துக் கிடந்தன. ஒன்றைக்கூட முழுதாகத் தின்னவில்லை, அண்ணா. கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தன. கடிபட்டு உயிரோடிருந்த ஏழும் ஒரு வாரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன.

நீங்கள் இருந்தவரை இது நடக்கவில்லை. ஆறு வருடம், மழையானாலும் பனியானாலும், பட்டியிலேயே கட்டிலைப் போட்டுப் படுத்தீர்கள். ஒரு நாய் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? துரை லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு இன்னொரு நாய் வேண்டவே வேண்டாம் என்றீர்கள். அதன்மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

துரை உங்களிடம் இருந்தது இரண்டு வருடம்தான். ஆனால் அதைப் பார்த்தவர்கள் யாரும் மறக்கவில்லை. செவலை உடம்பு, இடது காது மட்டும் மடங்கியிருக்கும். வேலியில் ஓட்டை கண்டு ஓர் ஆடு வெளியே போனால் குரைக்காமல், கடிக்காமல், சுற்றிப்போய் முன்னால் நின்று திருப்பிக் கொண்டுவரும். ‘தொரை வேலைக்குப் போயிருக்காரு’ என்று நீங்கள் சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

ஆடுகளைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது அண்ணி சொன்னார். “இருக்கறதையும் வித்துப்போட்டு நானும் பனியன் கம்பெனி வேன்ல ஏறிக்கறேன் அம்மிணி. எனக்கெல்லாம் என்ன வேலை குடுப்பாங்க? பிசிறு வெட்டறதுக்கு எடுப்பாங்களா?”

ஐம்பது வயதில், அந்த முட்டியை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மணி நேரம் நின்று நூல் பிசிறு வெட்டுவாரா? எனக்கு அந்த வேலை தெரியும். அதனால்தான் அவசரமாக ஒரு வார்த்தை கொடுத்துவிட்டேன்.

“நல்ல நாயா ஒண்ணு பாத்துக் கொண்டாறேனுங்க அண்ணி. அப்புறமா முடிவு பண்ணுங்க.”

டாலர் விழுந்து ஆர்டர் குறைந்திருந்த சமயம் அது. கம்பெனியில் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை இல்லை. நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் தொழில் உங்களுக்குத் தெரியும். பனியன் பீஸை விளக்கடியில் விரித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று குறை தேடுகிற வேலை. நல்லாயிருக்கிறது என்று யார் சொன்னாலும் என் கை தானாக அதைத் திருப்பிப் பார்க்கும். நாய் விற்கிறவர்களிடமும் அப்படித்தான் போனேன்.

முதலில் போனது பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்த ஒருவரிடம். ‘ஆடு மேய்க்கும் வெளிநாட்டு நாய்க்குட்டிகள், வம்சப் பத்திரத்துடன்.’ டவுனை ஒட்டி, கம்பி போட்ட ஷெட். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

“வெள்ளக்காரன் ஊர்ல இது ஆயிரம் ஆட்டை ஒண்டியா மேய்க்குமுங்க மேடம்.”

“இந்தக் குட்டியோட அம்மா ஆட்டைப் பாத்திருக்குதுங்களா?”

“பாக்கவே வேண்டாமுங்க. ரத்தத்துலயே இருக்குது.”

“அம்மாவைக் காட்டுங்களேன்.”

“அது ஏசி ரூம்ல இருக்குதுங்க. வெளிய கொண்டாந்தா ஒத்துக்காது.”

ஏசியில் இருக்கிற நாயின் குட்டி நம் காட்டு வெயிலில் என்ன செய்யும்? அது ஒரு பக்கம். என் கண் குட்டியின் முதுகில் இருந்தது. அந்தக் கறுப்பு சரியில்லை. வேர் வெளுத்து நுனி மட்டும் கறுத்திருந்தது. பையில் எப்போதும் கிடக்கும் வெள்ளைத் துணித் துண்டை எடுத்து, பாட்டில் தண்ணீரில் நனைத்து, அழுத்தித் தேய்த்தேன். சாயம் நிற்கிறதா என்று கம்பெனியில் நாங்கள் பார்ப்பது இப்படித்தான். துணியில் நீலம் கலந்த கறுப்பு அப்பிக்கொண்டு வந்தது.

“அது அழுக்குங்க மேடம்.”

“அழுக்குப் பாத்ததில்லீங்களா நானு? எங்க கம்பெனியா இருந்தா மொத்த லாட்டும் ரிஜெக்ட்டுங்க.”

அவர் முகம் மாறியது. குட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். எனக்கு அவரை மாட்டிவிட்ட சந்தோஷம் ஒரு நிமிடம்தான் இருந்தது. கீழே விட்டதும் அந்தக் குட்டி தன் முதுகைத் திரும்பித் திரும்பி நக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாயம் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று சாயம் போடுகிற டையிங்காரர்களுக்குத் தெரியும். ‘குளிப்பாட்டி விடுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதைவிட அதிகமாக ஏதாவது செய்திருக்க வேண்டுமா?

இரண்டாவது ஆள் ஆட்டுச்சந்தையில் அகப்பட்டார். சாக்குக்குள்ளிருந்து குட்டிகளை எடுத்துக் காட்டினார். அறுபது நாள் ஆகிவிட்டது என்றார். வாயைத் திறந்து பார்த்தால் பல்லே சரியாக முளைக்கவில்லை. நிற்கவிட்டால் பின்னங்கால் மடிந்தது. தாய் எங்கே என்றால் தோட்டத்தில் என்றார். இப்போதே போகலாம், வண்டி இருக்கிறது என்றேன். நாளைக்கு வாருங்கள் என்று நம்பர் கொடுத்தார். மறுநாள் முழுக்கப் போன் அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது.

கடைசியில் மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான் ரெபேக்காவின் பெயரைச் சொன்னார். “காத்தாடிக்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா இருக்காங்க. ஆட்டுக்கு நின்னு வேலை செய்யற நாய் அவங்ககிட்டத்தான் இருக்குது. ஆனா லேசுல குடுக்க மாட்டாங்க.” லேசில் கொடுக்க மாட்டார் என்று சொல்லி ஆசை காட்டுவதும் ஒரு வியாபாரத் தந்திரம்தானே? டாக்டருக்கு இதில் கமிஷன் இருக்குமோ என்றுகூட நினைத்தேன், அண்ணா. பாவம், நல்ல மனிதர்.

காற்றாலைக் காற்றாடிகள் சுற்றும் மேட்டில், கிளுவை வேலிக்குள், தனியாக ஒரு ஓட்டு வீடு. என் வயதுதான் இருக்கும் ரெபேக்காவுக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்த வெள்ளைச் சேலையோடு, வேலிப் படலைத் திறக்காமல், அந்தப் பக்கமே நின்று பேசினார்.

“நாய் ஆருக்குங்க?”

“எங்க அண்ணிக்குங்க.”

“அவங்க ஏன் வரலீங்க?”

“முட்டிவலிங்க.”

“எத்தனை ஆடுங்க? வேலி கிளுவையா, கம்பியா? பகல்ல ஆரு கூட இருப்பாங்க? அவங்களுக்கு ஒடம்புக்கு முடியலைன்னா நாய்க்கு ஆரு சோறு வெப்பாங்க? இதுக்கு முன்னால நாய் இருந்துச்சுங்களா? அது என்ன ஆச்சுங்க?”

இத்தனை வருடம் நான் கேள்வி கேட்டுத்தான் பழக்கம். எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு நானும் கேட்டேன். தாயைக் காட்டுங்கள் என்றேன். அவர் மறுக்கவில்லை. நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார். காட்டின் கோடியிலிருந்து செவலை நிறப் பெட்டை ஒன்று எழுந்தது. ஆடுகளை நோக்கி நேராக ஓடாமல் வேலியோரமாகச் சுற்றிப்போய் அந்தப் பக்கம் நின்றது. அவ்வளவுதான், முப்பது ஆடும் தலையைத் திருப்பிக்கொண்டு எங்களைப் பார்த்து நடந்து வந்தன.  துரை செய்வதும் இதேதான்.

“ரெண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் ஈத்துக்கு விடுவேனுங்க. அறுவது நாள் தாய்கிட்ட, ஆட்டுகூட இருந்த பொறகுதான் குட்டியக் குடுக்கறது. காசு வாங்கிக்குவேன். ஆனா காசு வெச்சிருக்கறவங்களுக்கெல்லாம் குடுக்கறதில்லை,” என்றார். பிறகு, “எந்த ஊருங்க? ஆரு ஊடு?” என்று கேட்டார்.

நான் ஊரைச் சொல்லி, செல்லமுத்துவின் தங்கை என்றேன்.

படலின்மேல் இருந்த அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

“அப்ப நீங்க போலாமுங்க.”

“ஏனுங்க?”

“உங்கண்ணனுக்கு ஒண்ணு குடுத்தேனுங்க. ‘வெச்சுக்க முடியலைன்னா எங்கிட்டயே கொண்டாந்து விட்டுருங்க, வேற எங்கயும் குடுக்காதீங்க, சங்கிலில கட்டாதீங்க’ன்னு சொல்லித்தான் குடுத்தேன். சரிங்கன்னு தலைய ஆட்டிட்டு வாங்கிட்டுப் போனாரு. நான் குடுத்த குட்டிய வருசா வருசம் போய்ப் பாத்துட்டு வர்றது. மூணாவது வருசம் போனா, லாரில அடிபட்டுருச்சுன்னாரு. பொதைச்ச எடத்தைக் காட்டுங்கன்னேன். காட்டலீங்க.”

“எங்கண்ணன் செத்துப்போயிட்டாருங்க,” என்றேன்.

அவர் முகம் ஒரு கணம் இளகியது. “தெரியாதுங்க. மனசுக்குக் கஷ்டமா இருக்குது. ஆனா குட்டி குடுக்க மாட்டேனுங்க.”

வழியெல்லாம் எனக்குக் கோபம். செத்த மனிதரைப் பொய்யர் என்கிறாளே என்று கோபம். விலையை ஏற்றுவதற்கான நாடகமாக இருக்கும் என்று ஒரு கிலோமீட்டர் வரை நம்பினேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. துரையை எங்கே புதைத்தீர்கள்? கிணற்று மேட்டில் என்று எங்களிடம் சொன்னீர்களா, அல்லது நானே அப்படி நினைத்துக்கொண்டேனா?

நேராக அண்ணியிடம் போனேன். ஆட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“எங்கிட்டயும் அதே லாரியத்தான் சொன்னாரு,” என்றார். “பொதைச்சீங்களான்னு கேட்டேன். ரோட்டோட விட்டுட்டேன்னாரு. செத்துப்போன ஆட்டுக்குட்டியவே துணி சுத்திப் பொதைக்கிற மனுசன். நம்பலை அம்மிணி. ஆனா நான் மேல கேக்கலை. அன்னைக்கு அவரு சோறு திங்கலை. கட்டிலைத் தூக்கிட்டுப் பட்டிக்குப் போனவருதான்.”

“அன்னைக்கு வேற ஆராச்சும் வந்தாங்களா அண்ணி?”

அண்ணி குடத்தைக் கீழே வைத்தார். “கெடாய் வாங்கறதுக்கு ஒரு வேன் வந்துச்சு. திருப்பூர்க்காரரு. இப்ப உங்க மொதலாளிதான், அம்மிணி. அப்ப ஆருன்னு தெரியாது. நாய் வேலை செய்யறதைப் பாத்துட்டு அங்கயே நின்னுட்டிருந்தாரு.”

அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் எனக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது.

என் வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டுப் போன வருடம் அது. அனுப்பர்பாளையத்தில் ஒற்றை அறையில் இருந்தேன். ‘அங்க ஆள் எடுக்கறாங்களாமா அம்மிணி, போய்ப் பாரு’ என்று நீங்கள்தான் சொன்னீர்கள். போனேன். ஒரு டி-ஷர்ட்டைக் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் நாலு சொன்னார்கள், நான் ஏழு சொன்னேன். சூப்பர்வைசராகவே எடுத்துக்கொண்டார்கள். என் கண்ணுக்குக் கிடைத்த வேலை என்று ஆறு வருடம் மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணியிடம் பேசிய மறுநாள் முதலாளியின் டையிங் பட்டறைக்குப் போனேன், அவர் காவலுக்கு நாய் கட்டி வைத்திருப்பது அங்கேதான். அதுவும் அவருடையதுதான், ஆற்றங்கரைப் பக்கம் இருக்கிறது. செக்கிங் ஆட்களுக்கு அங்கே வேலை கிடையாது. துணி லாட் பார்க்க வந்தேன் என்று வாட்ச்மேன் சேவியரிடம் பொய் சொன்னேன். ராமநாதபுரம் பக்கத்து ஆள், வயதானவர். அவருக்குப் பின்னால் பாய்லருக்கு அடுக்கிய விறகுக்கட்டையின் நிழலில், சங்கிலியில் கட்டிய ஒரு நாய் படுத்திருந்தது. மூஞ்சி நரைத்திருந்தது. இடது காது மடங்கியிருந்தது.

“அது பேரு என்னங்கய்யா?”

“டைகருன்னு கூப்புடுறாக. திரும்பிக்கூடப் பாக்காது.”

‘துரை’ என்று மெதுவாகக் கூப்பிட்டேன். தலையைத் தூக்கியது. என்னைப் பார்த்தது. பிறகு மறுபடியும் தலையைக் கால்மேல் வைத்துக்கொண்டது.

சேவியர் என்னை உற்றுப் பார்த்தார். “இதக் கொண்டாந்து விட்டவகளும் துரைன்னுதான் கூப்புட்டாக. நீங்க அவக தங்கச்சியாம்மா? அன்னைக்கு நான் இங்கனதான் நின்னேன். மொதலாளி காசை நீட்டுனாரு. உங்க அண்ணன் வாங்க மாட்டேன்னுட்டாக. ‘என் தங்கச்சிக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்க’ன்னாக. அதுக்கப்புறம் ரெண்டு தடவை வந்தாக. கேட்டுக்கு வெளியவே நின்னாக. உள்ள வாங்கன்னேன். வரலை.”

அவர் சொன்னதை நம்புவதா? வயதானவர், ஆறு வருடத்துக்கு முந்தைய பேச்சு. என் ஆறுதலுக்காகச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் எனக்கு ஏன் ஆறுதல் சொல்ல வேண்டும்? உங்களைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்க முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள்.

அன்று வீட்டுக்கு வந்து ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அதைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த நாள் முதலாளி அறைக்குள் போனேன்.  நாயைத் தரமாட்டேன் என்றால் கடிதத்தை மேசையில் வைப்பது என்று தீர்மானம்.

“டையிங்ல கட்டியிருக்கற நாய் எனக்கு வேணுமுங்க சார்.”

அவர் சிரித்தார். “அந்தக் கெழட்டு நாயா? எவன் வந்தாலும் கொரைக்கறதே இல்லை. சும்மா பாத்துட்டுக் கெடக்குது. எடுத்துட்டுப் போ மரகதம்.”

அவ்வளவுதான், அண்ணா. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதைக் கேட்கத்தான் நீங்கள் கேட்டுக்கு வெளியே இரண்டு தடவை நின்றுவிட்டுப் போனீர்களா? கேட்டால் என் வேலை போய்விடும் என்று பயந்தீர்களா?

நான் வெளியே போகாமல் நின்றேன். “அந்த நாய்க்காகத்தான் எனக்கு வேலை குடுத்தீங்களா சார்?”

அவர் பேப்பரைப் புரட்டினார். “அதெல்லாம் இப்ப எதுக்கு? நீ நல்லாத்தானே வேலை செய்யற.”

இது ஆமாம் என்ற பதிலா, இல்லை என்ற பதிலா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கடிதம் பையிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து கிழித்தேன்.

சரக்கு ஆட்டோ ஒன்றில் துரையை ஏற்றிக்கொண்டு ரெபேக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணியிடம் கொண்டு போகவில்லை. வைத்துக்கொள்ள முடியாவிட்டால் அவரிடம் விட வேண்டும் என்பதுதானே நீங்கள் கொடுத்த வாக்கு? ஆறு வருடம் தாமதம். ஆனாலும் கொண்டுபோய் விட்டேன்.

இந்த முறை படல் திறந்தது.  ரெபேக்கா தரையில் உட்கார்ந்தார். கையை நீட்டவில்லை, கூப்பிடவில்லை. துரை வெகு நேரம் நின்றது. பிறகு கிட்டே வந்து அவர் சேலைத் தலைப்பை மோந்து பார்த்தது. அவர் கழுத்துப் பட்டையை அவிழ்த்தார். அடியில் முடி இல்லாமல் தோல் தடித்துப்போயிருந்தது.

சங்கிலி போன பிறகும் துரை தூரம் போகவில்லை. நாலு எட்டு நடந்தது, நின்றது, திரும்பியது. மறுபடி நாலு எட்டு. சங்கிலியின் நீளம் அவ்வளவுதான் இருந்திருக்கும். ரெபேக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இது இனி ஆட்டுக்குப் போகாதுங்க. இங்கயே கெடக்கட்டும்,” என்றார். குட்டியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நாயையும் வாங்கிக்கொண்டு என்னையும் வெறுங்கையோடு அனுப்புகிறார் என்று வழியில் ஒரு நினைப்பு வந்தது. புத்தி எங்கே போகும்?

ஒரு மாதம் கழித்து அண்ணி போன் பண்ணினார். குரலைத் தாழ்த்திப் பேசினார். “ஆருன்னே தெரியலை அம்மிணி. ஒரு பொம்பளை வந்து வேலியச் சுத்திச் சுத்திப் பாக்கறா. பட்டிக்குள்ள குனிஞ்சு பாக்கறா. ஆட்டுத் திருடியா இருக்குமா?”

நான் போய்ச் சேர்ந்தபோது ரெபேக்கா வேலியில் மூன்று ஓட்டை கண்டுபிடித்து, மூன்றிலும் அடையாளத்துக்குக் குச்சி நட்டு வைத்திருந்தார். அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“நாய்க்கு என்னங்க போடுவீங்க?”

“நாங்க திங்கறதத்தான் போடுவோம்.”

“காரம் போடக்கூடாதுங்க. அப்புறம் நீங்க கோபப்பட்டா நாயை அடிப்பீங்களா?”

அண்ணிக்குப் பொறுமை போய்விட்டது. “எனக்கு மாப்பிள்ளை பாத்தப்பக்கூட எங்கப்பன் இத்தனை கேள்வி கேக்கலீங்க!”

“கேட்டிருக்கோணுமுங்க,” என்றார் ரெபேக்கா.

அண்ணி அவரை முறைத்தார். பிறகு சிரித்தார். நீங்கள் போன பிறகு அண்ணி சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே இருந்தவர் சேலைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரெபேக்கா வேலியைப் பார்ப்பதுபோலத் திரும்பி நின்றார்.

ஓட்டைகளை அடைத்தோம். பட்டியைச் சுற்றி இரும்பு வலை அடித்தோம். சித்திரையில் குட்டிகள் பிறந்தன. அறுபது நாளுக்குள் எங்களை மூன்று தடவை வரவழைத்தார். ஒரு தடவை அண்ணியைக் குட்டிகளுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டு, தூரத்தில் நின்று பார்த்தார். எங்களுக்கென்று ஒரு பெட்டைக் குட்டியை அவரே தேர்ந்தெடுத்தார். வேறொன்று துறுதுறுவென்று இருந்தது, அதைக் கேட்டேன். “அது உங்க அண்ணிக்கு ஆகாதுங்க. ஓடிக்கிட்டே இருக்கும். இது நின்னு பாக்கற குட்டி,” என்றார். நல்லதை ஒளித்து வைக்கிறாரோ என்று அன்றும் சந்தேகப்பட்டேன்.

கொடுக்கும்போது வாக்கு வாங்கினார். என்னிடம் வாங்கவில்லை. “சோறு போடறவங்க சொல்லட்டுமுங்க,” என்று அண்ணியைப் பார்த்தார். சங்கிலி கிடையாது. சொல்லாமல் ஈத்துக்கு விடுவது கிடையாது. முடியாவிட்டால் திரும்ப அவரிடமே. அண்ணி ஒவ்வொன்றுக்கும் ‘சரிங்க’ என்று தனித்தனியாகச் சொன்னார்.

குட்டிக்கு இப்போது ஐந்து மாதம். பெயர் இன்னும் வைக்கவில்லை, அண்ணி ‘சாமி’ என்று கூப்பிடுகிறார், அதற்கே ஓடி வருகிறது. கிடாய் ஒன்று முட்டித் தள்ளியதில் ஒரு வாரம் நொண்டியது. போன மாதம் பட்டப்பகலில் இரண்டு தெருநாய்கள் வேலியோரம் வந்திருக்கின்றன. குட்டி ஓடி ஒளியவில்லையாம். ஆடுகளுக்கும் வேலிக்கும் நடுவில் போய், முதுகுமுடி சிலிர்க்க நின்று குரைத்திருக்கிறது. அண்ணி தடியோடு வருவதற்குள் அவை போய்விட்டன. கம்பெனி வேனில் ஏறுகிற பேச்சு இப்போது வீட்டில் இல்லை.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. எனக்காகத்தான் செய்தீர்கள் என்றால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? அந்த ஒற்றை அறையில், அந்த வருடத்தில், சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் என்னை அதிகமாக உறுத்துகிறது. ஆறு வருடம் நீங்கள் பட்டியில் படுத்தது ஆடுகளுக்காகவா, துரைக்காகவா? ரெபேக்கா வந்து கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்து எப்படி அந்தப் பொய்யைச் சொன்னீர்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரெபேக்கா வீட்டுக்குப் போகிறேன். துரை வேப்பமரத்தடியில் படுத்திருக்கும். இப்போது நாலு எட்டைத் தாண்டி, கிணறுவரை நடக்கிறது. ரெபேக்காவின் கையில் தின்கிறது. டாக்டர் வந்தால் வாலாட்டுகிறது. நான் வந்தால் மட்டும் எழுந்து நின்று, தள்ளி நின்றே என்னைப் பார்க்கிறது. என்னிடம் உங்கள் வாசம் ஏதாவது இருக்கிறதோ என்னவோ.

அது என்னைச் சந்தேகப்படட்டும், அண்ணா. அதற்கு அந்த உரிமை உண்டு. நான் தினமும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன், எலும்புத்துண்டு காட்டி ஏமாற்ற மாட்டேன். அது இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் போய், கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்திருப்பேன். கிட்டே வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, போவேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

கோபம் தீராத உங்கள் தங்கை,
மரகதம்